சருகுமானின் பிரஷரும் டாக்டர் வானளந்தாரின் கழுத்தும்

ஒரு காட்டில் ஆண்டுக்கொருமுறை மருத்துவ முகாம் போடுவார்கள். அதில் பிரஷர் பார்த்து, முத்திரை குத்திய சான்று வாங்கினால்தான் ஆற்றங்கரைப் பக்கம் போக அனுமதி. காடுதானே, எங்கே வேண்டுமானாலும் போகலாமே என்று கேட்பவர்கள் படிவம் எழுதிப் பழகாதவர்கள்.

முகாமின் தலைமை மருத்துவர் ஒட்டகச்சிவிங்கி வானளந்தார். வெளியூர்க்காரர். அவருடைய இதயத்துக்கும் தலைக்கும் நடுவே ஓர் ஆளைவிட உயரமான கழுத்து இருந்தது. அவ்வளவு உயரம் ரத்தத்தை ஏற்ற பிரஷர் இருநூற்று இருபது இருந்தாக வேண்டும், அவருக்கு இருந்தது. பொறுப்பேற்ற அன்றே கருவியைத் தன் காலில் கட்டிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணையே எல்லோருக்கும் சரியான அளவு என்று பலகையில் எழுதி மாட்டினார். தன்னைவிடச் சிறந்த உதாரணம் அவருக்கு அகப்படவில்லை போலும்.

அஞ்சுகம் ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். ஆற்றங்கரையில் உதிரும் அத்திப்பழத்தை நம்பித்தான் அவளும் அவள் இரண்டு குட்டிகளும் உயிரோடு இருந்தார்கள். காலையிலிருந்து வரிசையில் நின்று அவள் முறை வந்தபோது கருவி நூற்றுப் பத்து காட்டியது. 'குறைபாடு' என்று முத்திரை விழுந்தது.

"டாக்டர், எனக்குத் தலையும் இதயமும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரத்தம் ரொம்ப தூரம் ஏற வேண்டியதில்ல" என்றாள் அஞ்சுகம்.

"படிவத்துல கழுத்துக்குன்னு கட்டம் ஏதாவது இருக்காம்மா?"

இல்லை. பின்பக்கத்திலும் தேடிப் பார்த்தாள். பிரஷரை ஏற்ற உப்பு நக்குவதாக ஒப்புக்கொண்டால் ஒரு வருஷத்துக்குத் தற்காலிக அனுமதி என்றார். வேறு வழியின்றி, அவர் எழுதிக் கொடுத்தபடி உப்புப் பாறையை நாளைக்கு மூன்று வேளை நக்கத் தொடங்கினாள். அது கெடுதல் என்று அவளுக்குத் தெரியும். சான்று இல்லாவிட்டால் குட்டிகள் பட்டினி என்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

அவள் சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். அங்கே ரத்தத்தை வடிகட்ட ஆயிரமாயிரம் பொடிச் சல்லடைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சின்னக் குழாய். வெளியே அழுத்தம் ஏறினால் அது தன்னைச் சுருக்கிக்கொள்ளும், இறங்கினால் விரித்துக்கொள்ளும். வெளியே என்ன கூத்து நடந்தாலும் சல்லடைக்குப் போகிற அழுத்தம் ஒரே சீராக இருக்கும். இந்தக் குழாய்க்குச் சங்கம் கிடையாது, பாராட்டு விழாவும் கிடையாது. அஞ்சுகத்தின் பிரஷர் ஏற ஏற, அது பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி நின்றது.

மறுவருஷம் பிரஷர் நூற்று எழுபது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. வானளந்தாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கிட்னியே ஆட்சேபிக்காதபோது நீ ஏன் ஆட்சேபிக்கிறாய் என்று சொல்லி, தற்காலிக அனுமதியை நீட்டித்து, இன்னும் இரண்டு வேளை உப்பு கூட்டினார்.

மூன்றாம் வருஷம் இருநூற்றுப் பத்து. குழாய் தடித்து மரத்துப்போய்விட்டது. அதற்குமேல் சுருங்க அதனால் ஆகவில்லை. அழுத்தமெல்லாம் நேரே சல்லடையில் போய் மோதி அதைக் கிழித்தது. சத்தெல்லாம் சிறுநீரில் ஒழுகி நுரைத்தது, கால்கள் வீங்கின. அஞ்சுகம் பயந்துபோய்ச் சொன்னாள். டாக்டர் 'நுரை: உண்டு' என்று ஓரத்தில் குறித்துவிட்டு, பலகையில் எழுதிய எண்ணுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டதற்காக அவளை மனதாரப் பாராட்டினார்.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சரியான அளவு நூற்றிருபதாம். எல்லோரையும் உடனே அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டுமாம், தவறினால் மருத்துவர் விளக்கம் எழுத வேண்டுமாம். விளக்கம் எழுதுவதைவிட மாத்திரை கொடுப்பது சுலபம். ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியதை ஒரே நாளில் கொடுத்தார். பிரஷர் தொண்ணூறுக்குச் சரிந்தது. மரத்துப்போன குழாயால் இப்போது விரியவும் முடியவில்லை. சல்லடைக்கு ரத்தத்தைத் தள்ளிவிட ஆளில்லை. சிறுநீர் நின்றேபோனது.

மூச்சு வாங்க வாங்க அஞ்சுகம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் சான்றைப் பற்றிக் கேட்கவில்லை. செத்துப்போனால் குட்டிகளை யார் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் அவள் மனதில் ஓடியது.

"டாக்டர், ரெண்டு நாளா ஒரு சொட்டுகூடப் போகல."

அவர் கோப்பைப் புரட்டினார். "நுரை வருதா?"

"மூத்திரமே வரல டாக்டர்."

"நுரை வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லும்மா."

"வரல."

வானளந்தார் பேனாவை எடுத்து, 'பிரஷர்: கட்டுக்குள். நுரை: இல்லை. பூரண குணம்' என்று எழுதி, ஆயுள் முழுமைக்கும் செல்லுபடியாகும் ஆற்றங்கரைச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆயுள் என்று அவர் குறிப்பிட்டது ஏறக்குறைய வெள்ளிக்கிழமை வரை.

நீதி: வேலை செய்கிற சிறுநீரகத்தில்தான் குறை கண்டுபிடிக்க முடியும். அடியோடு நிறுத்திவிட்டால், கோப்பு சுத்தம்.