தேதியில்லாத காலண்டர்

நெய்வேலி பத்தொன்பதாம் வட்டத்தில் சின்னதுரையிடம் இருந்த அளவுக்கு வேகமான கார்கள் வேறு யாரிடமும் இல்லை. எல்லாம் அந்தக்காலத்துப் பந்தயக் கார்கள். எல்லாம் பீரோவுக்கு மேலே ஒரு பழைய போர்வைக்குள் படுத்திருந்தன.

படங்கள்தான். ஆனால் அச்சடித்த படமென்றால் சின்னதுரை விரலால்கூடத் தொடமாட்டார். கையால் வரைந்த அசலாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் ஓவியரின் கையெழுத்தும் இன்னொரு மூலையில் அந்தக் காரை ஓட்டியவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். "கையெழுத்து இல்லாத படமும் தலையெழுத்து சரியில்லாத மனுசனும் ஒண்ணு" என்பார்.

அவர் சொந்தமாக ஓட்டியது மொபெட். கார் பழகப் போன முதல் நாளே பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகையைப் படுக்க வைத்துவிட்டு வந்தவர், அதோடு ஸ்டீயரிங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவுக்கே அவர்தான் ஃபோர்மேன். அவர் கத்தினால் நிலக்கரியே ஒதுங்கி நிற்கும். வீட்டில் மட்டும் மனைவி அம்சவல்லி லேசாக இருமினால் போதும், இவருக்கு வேர்த்துவிடும். அதனால்தான் முதல் படம் வந்த அன்றே ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். "டயர் கம்பெனி காலண்டர் அம்சா. சும்மா குடுத்தாங்க."

அந்தப் பொய்க்கு நல்ல ஆயுசு. போன மாசிவரை உயிரோடு இருந்தது.

மாசியில்தான் பாலகுமாரிடமிருந்து சேதி வந்தது. பாலகுமார் சென்னையில் இருக்கும் ஓவியர். சோழவரம் பந்தயத் திடலில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து படம் வரைந்தவர். அவர் வரைந்த சிவப்பு ஏழாம் நம்பர் காரை, அதை ஓட்டிய வளவன் என்ற பெரியவரின் கையெழுத்தோடு அனுப்புகிறாராம். பதிலுக்குச் சின்னதுரை தன்னிடமிருந்த இரண்டு படங்களைக் கொடுத்திருந்தார். வளவன் லேசில் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து சின்னதுரைக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சோற்றில் கை வைப்பார், வாசலில் சத்தம் கேட்டால் அதே கையோடு ஓடுவார். கேட்டைத் திறப்பார், மூடுவார், மறுபடியும் திறப்பார்.

"ஏங்க, கால்ல சக்கரம் கட்டிக்கினு திரியறீங்க. என்ன சமாச்சாரம்?"

"ஒண்ணுமில்ல அம்சா. சாப்பிட்டது செரிக்கல."

"இன்னும் சாப்பிடவே இல்லியே."

"அதான் முன்கூட்டியே நடக்கிறேன்."

கூரியர்காரனுக்குத் தெரிந்த ஒரே நல்ல நேரம், சின்னதுரை ஷிஃப்டில் இருக்கும் நேரம். அவர் வீடு திரும்பியபோது பார்சல் பிரிந்து கிடந்தது. ஏழாம் நம்பர் கார் சாப்பாட்டு மேசைமேல், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றது. சின்னதுரை செருப்போடு உள்ளே வந்து ரசச் சட்டியைத் தள்ளி வைத்தார்.

"நல்ல காலண்டருங்க" என்றாள் அம்சவல்லி. "தேதியத்தான் காணோம்."

"தேதி தனியா வரும்."

"கீழ ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுக்கினு இருக்காங்க?"

"அச்சாபீஸ்காரங்க. சரி பார்த்துட்டுப் போடுவாங்க."

"தடவிப் பார்த்தா பெயிண்டு மேடு தட்டுதே."

"தடவாத. அது வந்து... புது மிசினு. மேடாதான் அடிக்கும்."

"அப்படிங்களா. பக்கத்து வூட்டு ஃபௌசியா ரொம்ப நாளா ஹால்ல மாட்ட ஒரு படம் கேட்டுக்கினு இருக்கா. சும்மா வந்த காலண்டர்தானே, இதக் குடுத்திடட்டா?"

சின்னதுரை மேசைக்கும் மனைவிக்கும் நடுவே பாய்ந்தார். "இது வேணாம். சிவப்பு, கண்ணு கூசும்."

"அப்ப பீரோ மேல இருக்கே ஒரு பச்சை, அது?"

பச்சைக் கார் அவருக்கு இரண்டாவது உயிர். ஆனால் முதல் உயிர் ரசத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "குடேன்" என்றார். அந்தச் சொல் அவர் குரலில் வரவில்லை, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம் இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியும் போயிற்று. ஃபௌசியா அதில் ஆணி அடிப்பாளோ, ஈரத்துணியால் துடைப்பாளோ என்று தவித்தார். சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போய் ஹாலை நாலு பக்கமும் துழாவினார். சுவர்கள் வெறுமையாக இருந்தன.

"படம் எங்கம்மா?"

"உள்ள பத்திரமா இருக்குண்ணே."

"வெயில் படாம வை. கையால தொடாத."

"காலண்டருக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஃபௌசியா சர்க்கரை எடுக்கப் போனாள். சர்க்கரை வியாதிக்காரரான சின்னதுரை அதை வாங்கிக்கொண்டு வந்தார்.

பங்குனியில் இன்னொரு பார்சல் வந்தது. இந்த முறை சின்னதுரை வீட்டில்தான் இருந்தார். அனுப்பியவர் பாலகுமார். பெறுபவர் திருமதி அம்சவல்லி.

"உனக்கு எப்படி இவரத் தெரியும்?"

"ஏழாம் நம்பர் வந்த அன்னிக்கே போன் பண்ணாருங்க. நீங்க போனை வூட்லயே வெச்சிட்டு டூட்டிக்குப் போயிருந்தீங்க. 'ஒரிஜினல் பத்திரமா வந்துச்சாம்மா'ன்னு கேட்டாரு. நல்ல மனுசன், எல்லாத்தையும் சொன்னாரு. ஒரு படம் குடுத்தா பதிலுக்கு ஒண்ணு வரைஞ்சு குடுப்பேன்னும் சொன்னாரு. அதான் அந்தப் பச்சையை அவருக்கே அனுப்பிட்டேன். ஃபௌசியாதான் பார்சல் கட்டிக் குடுத்தா."

சின்னதுரை நாற்காலியைத் தேடினார். பச்சைக்காகச் சண்டை போடலாம்தான். ஆனால் காலண்டருக்காக எந்தப் புருஷன் சண்டை போட்டிருக்கிறான்?

அம்சவல்லி பார்சலைப் பிரித்தாள். படத்தில் வட்டத்தின் அகல ரோடு இருந்தது. அதில் ஃபௌசியாவின் பழைய வெள்ளை பத்மினி கார், தலைதெறிக்கப் பறந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கில் அம்சவல்லி.

"இது எப்ப?"

"நீங்க செகண்ட் ஷிஃப்ட் போற வாரமெல்லாம் ஃபௌசியாதான் கத்துக் குடுத்தா. லைசென்ஸ் வந்தாச்சு. வண்டிய ஓட்டினவங்க கையெழுத்து இருந்தாத்தான் மதிப்பாமே? பேனா குடுங்க."

பேனாவைக் கொடுத்தார். அவள் முத்து முத்தாகப் போட்டாள். அப்போதுதான் பின்சீட்டில் ஒரு ஆள், பலாப்பழத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மீசை அவருடையது.

"நீங்களும் கூட இருக்கணும்னு நான்தான் போட்டோ அனுப்பி வரையச் சொன்னேன்" என்றாள். சின்னதுரை சுத்தியலைத் தேடி எடுத்தார். ஹாலில் அவரே ஆணி அடித்து இரண்டு படங்களையும் மாட்டினார், ஏழாம் நம்பருக்கு மேலேயே பத்மினியை.

அடுத்த ஞாயிறு நெல்லிக்குப்பத்திலிருந்து பழனிவேல் வந்தார். இதே படப் பைத்தியம் பிடித்த இன்னொருவர். ஏழாம் நம்பரைப் பார்க்க வந்தவர், பத்மினியை விட்டு நகரவில்லை. கையெழுத்தை உற்றுப் பார்த்தார். அம்சவல்லிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"பிரமாதங்கம்மா. பின்னாடி பலாப்பழத்தோட உக்காந்திருக்கிறது யாருங்க?"

சின்னதுரை சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அம்சவல்லி சொன்னாள், "அதுங்களா? திருப்பத்துல வண்டி தூக்காம இருக்க பாரம் வெச்சிருக்கு."