வளர்ந்த சங்கிலி

ஒரு பொருள் எப்போது பழசாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் குடும்பம் நடத்துவதிலேயே கஷ்டமான வேலை. துடைப்பம் வாய் திறந்து சொல்லாது. குடை சொல்லாது. புருஷன் சொல்லவே மாட்டார். நாமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கண் எனக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். படிப்பில் நான் மட்டுதான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் சங்கிலி என்று பேச்சு வந்துவிட்டால் என்னை யாராலும் அசைக்க முடியாது. நான் கிள்ளான் ஊர் நகைப் பத்தர் மகள்.

அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து வளர்ந்தவள். பெண்கள் கழுத்துச் சங்கிலியைக் கொண்டுவந்து, "இன்னும் தாங்குமா பத்தரே?" என்று கேட்பார்கள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "தாங்கும்" என்பார், அல்லது "மாத்திடுங்க" என்பார். பக்கத்தில் நானும் தலையை ஆட்டுவேன். (தலையாட்டியதாலேயே தொழில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.)

என்னைக் கட்டிக்கொண்டவர் ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம். ரப்பர் விலை விழுந்து தோட்டத்துத் துரைமார் சீமைக்குக் கப்பலேறிய சமயத்தில், அப்படிப் போன ஒருவரிடமிருந்து இவர் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டார். அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் தொட்டி ஒட்டியிருக்கும். அதை சைட்கார் என்று சொல்லவேண்டும் என்று இவர் பலமுறை சொல்லியும் நான் தொட்டி என்றுதான் சொல்லிவந்தேன்.

இவருடைய தங்கை சரசுவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு இடம் வந்து தட்டிப்போய், வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதுகூட இல்லை. அப்பாதான் கிள்ளானில் ஒரு நல்ல குடும்பத்தைப் பேசி முடித்துக் கொடுத்தார். முடித்தார் என்றால் முக்கால்வாசிதான். மாப்பிள்ளைக்கு ஒரு பெரியத்தை உண்டு. அந்தம்மா பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தால்தான் தட்டு மாற்றுவார்கள். அந்தம்மாவோ ரயிலேற மாட்டார். கரிப்புகை கண்ணில் விழுமாம்.

"நம்ம வண்டியில கூட்டிக்கிட்டு வந்துடலாம்" என்றார் இவர், பெருமையாக.

அந்த வாரம் சங்கிலியைக் கழற்றிப் பார்த்தார். வண்டி வாங்கிய புதிதில் கொல்லைச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, சங்கிலியின் நீளத்தை அளந்து வைத்திருந்தார். இப்போது மாட்டிப் பார்த்தால் ஆணியைத் தாண்டிக் கட்டைவிரல் அளவுக்குத் தொங்கியது.

"மாத்தணும். கடைத்தெருவுல சீனன் கடையில புதுசு வந்திருக்கு."

"என்னங்க, இங்க கொடுங்க" என்று வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணி மெலிந்திருக்கவில்லை. ஒன்றும் விரிசல் விட்டிருக்கவில்லை. "இது எங்கங்க தேஞ்சிருக்கு?"

"நீளமாயிருக்கு பாரு. உள்ளே ஒவ்வொரு கண்ணியிலயும் மயிரிழை தேஞ்சாலும் மொத்தச் சங்கிலியும் நீண்டுடும். அப்புறம் பல்சக்கரத்துல சரியா உக்காராது. ஒருநாள் அறுந்துடும்."

நான் சிரித்தேன். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பொருள் குறைந்துவிட்டது என்றுதான் சண்டைக்கு வருவார்கள். அதிகமாகிவிட்டது என்று யாரும் வந்ததில்லை.

"தேஞ்சா குறையணும். இது வளர்ந்திருக்கு. வீட்டுக்கு வந்த பொருள் வளர்ந்திருக்குன்னா நல்ல சகுனம். அதைப் போய்க் கல்யாணப் பேச்சு நடக்குறப்ப தூக்கிப் போடுறதா?"

இங்கிலீஷ் படித்த மனுஷர். சங்கிலியை என் கையிலேயே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். சங்கிலி விஷயத்தில் பத்தர் மகளிடம் என்னத்தைப் பேசுவது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இவர் ஆபீசுக்குப் போனதும் அந்தச் சங்கிலியைப் பார்த்தேன். கறுப்பு எண்ணெய், மண், பிசுபிசுப்பு. பெரியத்தை பட்டுப்புடவையோடு இதன் பக்கத்திலா உட்காருவது? எடுத்தேன் பூந்திக்கொட்டையை. கொதிக்கவைத்து, சங்கிலியை ஊறப்போட்டு, அப்பா நகைக்குப் போடுவதுபோலவே புளியும் போட்டு, தேங்காய் நாரால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். சங்கிலி கழற்றிய வண்டி அம்போவென்று நின்றது. தாலிக்கொடி மாற்றும்போது கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது என்று மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிற வழக்கம் நினைவுக்கு வந்தது. பாவமாக இருந்தது. அதற்கும் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டேன்.

மாலையில் வந்தவர் முதலில் கயிற்றைப் பார்த்தார். பிறகு வெள்ளிபோல் மின்னிய சங்கிலியைப் பார்த்தார்.

"எண்ணெயெல்லாம் எங்கே?"

"துடைச்சிட்டேன்."

அவர் சங்கிலியை வண்டியில் மாட்டி, குப்பியைத் தேடி எடுத்து எண்ணெய் விட்டார். அவர் குளிக்கப் போனதும் புடவையில் தெறிக்குமே என்று நான் துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். (இதை அவருக்கு நான் சொன்னது எங்கள் மூத்த மகன் பிறந்த பிறகுதான்.)

அந்நிய ஆண்பிள்ளையோடு பெரியத்தை தனியாக வருவது முறையல்ல என்பதால் துணைக்கு நானும் போனேன். முதல் நாளே கிள்ளானுக்குப் போய் அப்பா வீட்டில் தங்கினோம். காலையில் அப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரும் ரயிலேறினார்கள். பெரியத்தையைத் தொட்டிக்குள் இறக்கி, மடியில் வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்து, நான் இவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியதிலிருந்தே கீச்கீச் என்று ஒரு சத்தம்.

"ஏன் தம்பி, உள்ள குருவி வளக்குறியா?" என்றார் பெரியத்தை.

இவர் காது சிவந்தது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. பத்து தீகா ஊரைத் தாண்டியதும் கீச்கீச்சோடு டக் டக் என்று வேறு சேர்ந்தது. அதற்குப் பிறகு ரப்பர் காட்டுக்கு நடுவே ஒரு மேடு. பாதி மேட்டில் படாரென்று ஒரு சத்தம். என்ஜின் முன்னைவிடப் பலமாக உறுமியது. வண்டி மட்டும் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் நகரத் தொடங்கியது.

இவர் பிரேக்கை மிதித்தார். முன்னால் போகும்போது பிடித்த பிரேக், பின்னால் போகும்போது எங்களை மதிக்கவேயில்லை. மரங்கள் எல்லாம் எங்களைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். பெரியத்தை மட்டும் நேராக உட்கார்ந்தபடி கேட்டார்.

"தம்பி, ஏதாச்சும் மறந்துட்டமா? கிள்ளானுக்கே திரும்புறியே?"

வண்டி சாலையோர வாய்க்காலில் பின்பக்கமாக இறங்கி, சேற்றில் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பெரியத்தையின் தொட்டியில் மட்டும் முழங்கால் வரை தண்ணீர். வெற்றிலைகள் மிதந்தன. மேட்டின் நடுவில் அறுந்த சங்கிலி வெயிலில் பளபளத்துக் கிடந்தது. அத்தனை அவமானத்திலும், நன்றாகத்தான் தேய்த்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு ஓடியது.

நல்ல நேரம் முடிவதற்குள் பிரிக்பீல்ட்ஸ் சேரவேண்டும். பின்னால் ஒரு லோரி வந்தது. கிள்ளான் கடற்கரையிலிருந்து பாசார் சந்தைக்குக் கருவாடு ஏற்றிப் போகிற சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அதில் இருந்தார். இவர் மலாயில் கெஞ்சினார். தவுக்கே பெரியத்தையைப் பார்த்து, "நாயேக், நாயேக் லா" என்று கையைக் காட்டினார். முன்னால் அவருடைய ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஏறச் சொன்ன இடம் பின்னால், கருவாட்டு மூட்டைகளின் மேல். பெரியத்தை மூன்று தலைமுறைச் சைவம். அவர் முகம் போன போக்கை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இவர் வண்டிக்குக் காவலாக நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் ஏறினோம்.

கொஞ்ச தூரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த பெரியத்தை, கையை எடுத்தார்.

"தேஞ்ச சங்கிலியை மாட்டிக்கிட்டுப் பொம்பளைங்களை ஏத்துவானா ஒருத்தன்? அண்ணனுக்கே இவ்வளவுதான் புத்தின்னா தங்கச்சிக்கு எவ்வளவு இருக்கும்?"

எனக்கு என் புருஷனைச் சொன்னதுகூடப் பெரிதாகப் படவில்லை. சரசு காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல், கண்ணில் மையோடு காத்துக்கொண்டிருப்பாள். இந்த இடமும் தட்டிப்போனால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? வாயை மூடிக்கொண்டால் என் பெருமை மிஞ்சும். அவள் கல்யாணம் போய்விடும்.

"அவர் மாத்தணும்னுதான் சொன்னாருங்க. நான்தான் விடலை."

"நீயா? உனக்கென்ன தெரியும்?"

"நான் பத்தர் மகளுங்க. சங்கிலி நீண்டிருக்குன்னு அவர் சொன்னாரு. நீண்டா அது தேய்மானமில்லை, வளர்ச்சின்னு நான் சொன்னேன். எண்ணெயையும் நான்தான் துடைச்சேன்."

பெரியத்தையின் கை மெல்ல மேலே போய்த் தன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. என் அப்பா செய்த சங்கிலி அது.

"எனக்கும் இது முன்னே நெஞ்சோட நிக்கும்" என்றார், பாதி தனக்குத்தானே. "இப்ப வயித்துக்கு வருது. நான் கூனிட்டேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு வழியெல்லாம் அதை இழுத்து இழுத்து அளந்தபடியே வந்தார். அதைப் பார்ப்பதற்குக் கருவாட்டு நாற்றமே தேவலாம்போல் இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் லோரி நின்றது. சேறும் கருவாடுமாக நாங்கள் இறங்கியதும் ஆரத்தியோடு நின்றவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கூடமெல்லாம் பட்டுப்புடவை. பெரியத்தை யாரையும் பார்க்கவில்லை, பெண்ணையும் கேட்கவில்லை. நேராக என் அப்பாவிடம் போனார்.

"பத்தரே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சங்கிலி தேஞ்சா குறையுமா, நீளுமா?"

அப்பா சபையைப் பார்த்தார். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்தவர். பொய் சொல்ல வராத மனுஷர்.

"எடை குறையும். நீளம் கூடும்."

"தங்கத்துக்குமா?"

"எந்தச் சங்கிலிக்கும் அதுதான். கண்ணியோட கண்ணி உரசுற இடத்துல தேஞ்சு, அந்த அளவுக்கு இழுத்துக் கொடுத்துடும்."

ஆயுசெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன், இதை நான் கேட்டதேயில்லை. என் அதிர்ச்சி கிடக்கட்டும். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். (அடுத்த வாரம் அப்பாவின் பட்டறை வாசலில், சங்கிலி நீண்டுவிட்டதென்று சண்டைக்கு வந்த கூட்டத்தால் நிற்க இடமில்லை. அவர் என்னோடு தைப்பூசம் வரை பேசவில்லை.)

பெரியத்தை திரும்பினார்.

"அப்ப அந்தத் தம்பி சரியாத்தான் சொல்லியிருக்கான். அண்ணன் புத்தி நல்ல புத்தி. பொண்ணைக் கூப்பிடுங்க, நேரம் போகுது." பிறகு என் பக்கம் ஒரு பார்வை. "கல்யாணத்துக்கு மாத்திரம் இவளை எதையும் பாத்துச் சொல்லச் சொல்லாதீங்க."

சரசு தட்டோடு வந்தாள். பெரியத்தையின் காலில் விழுந்தவள், அங்கிருந்து வந்த வாடையில் மூன்று முறை தும்மினாள். "ஆயுசு நூறு" என்று பெரியத்தையே ஆசீர்வாதம் செய்தார். இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, கையில் அறுந்த சங்கிலியோடு வீடு வந்து சேர்ந்தபோது, தட்டு மாற்றி எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நடந்ததைக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. சங்கிலியை அதே இரண்டு ஆணிக்கு நடுவில் தொங்கவிட்டார், அவ்வளவுதான். வெகுகாலம் அது அங்கேயே தொங்கியது.

கல்யாணத்தில் தாலிக்கொடியைத் தட்டில் வைத்ததும் பெரியத்தை மடியிலிருந்து ஒரு நூலை எடுத்து, அதன் நீளத்துக்கு நறுக்கி முடிந்துகொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "பத்தர் மகளே, கிட்ட வா" என்று குரல் வரும். சரசுவின் கொடியை நூலோடு வைத்து அளப்பார். பிறகு என்னைப் பார்த்து, "வளர்ந்திருக்கா?" என்பார். சுற்றி நிற்கிற காவடிக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் பேச்சு. கிழிந்த பாயை நான் தூக்கிப் போட மறுத்தாலும் "வளர்ந்திருக்கா?" யாருக்காவது தொப்பை விழுந்தாலும் "வளர்ந்திருக்கா?" பேரன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும் முதலில் என்னிடம் காட்டவில்லை.

பெரியத்தை கண்மூடும் முன் அந்த நூலை சரசுவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். போன வாரம் சரசு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தவள், அப்பா செய்து போட்ட என் கழுத்துச் சங்கிலியையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மடியைத் துழாவ ஆரம்பித்தாள்.

நான் எழுந்து காப்பி போடப் போய்விட்டேன்.