வால்வைச் சுரண்டிய வள்ளல்

பாட்டாளி வர்க்கத்தின் சரித்திரத்தை எழுதிய அறிஞர்கள் ஒரு பெரிய தவறு செய்துவிட்டார்கள். எங்கெங்கோ நடந்த புரட்சிகளையெல்லாம் தேடிப் பிடித்து எழுதியவர்கள், பாபநாசத்துக்குத் தெற்கே ஆதிச்சமங்கலத்தில் மிராசுதார் பஞ்சநதம் உழைப்பாளியாக மாறிய சம்பவத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைப் போக்குவது நம் கடமை.

பஞ்சநதம் சாதாரண மிராசுதார் அல்ல; 'முற்போக்கு' மிராசுதார். சென்னையில் ஆட்சி மாறிய அதே வாரத்தில் அவர் தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரமும் மாறி, கரை போட்ட கட்சித் துண்டு வந்துவிட்டது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மற்ற மிராசுதார்கள் வக்கீல் வீட்டுக்கு ஓடினார்கள். பஞ்சநதம் ஓடவில்லை. தன் நிலத்தைத் தானே முன்வந்து பகிர்ந்தளித்தார். மனைவிக்குக் கொஞ்சம், மச்சினனுக்குக் கொஞ்சம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம், பிறந்ததும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று பேரனுக்கும் கொஞ்சம்.

இப்படிப்பட்ட தியாகியைப் பார்த்துத்தான் எல்லையம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

குறுவை முற்றித் தலை சாய்ந்து நின்ற சமயம். கூலியை ஏற்றினால்தான் வயலில் அரிவாள் இறங்கும் என்று அறுப்பாட்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காகப் பேச வந்தவள் எல்லையம்மாள். அவளும் அறுப்பாள்தான். பள்ளிக்கூடத்தில் தாசில்தார் முன்னிலையில் 'பேச்சுவார்த்தை' நடந்தது. பஞ்சநதம் உழைப்பின் மேன்மையைப் பற்றி அழகு தமிழில் நெடுநேரம் முழங்கிவிட்டு உட்கார்ந்தார். எல்லையம்மாள் எழுந்தாள்.

"உழைப்பப் பத்தி நல்லா சொன்னீங்கய்யா. ஐயா ஒரு நாளாச்சும் வேலை செஞ்சிருக்கீங்களா?"

ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தாசில்தார் இருமுவது போல் சிரித்தார். பேச்சுவார்த்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போடப்பட்டது.

வீட்டுக்கு வந்த பஞ்சநதத்துக்கு மோர்கூட இறங்கவில்லை.

"நான் வேலை செய்யாதவனாம் தர்மாம்பா. ஊரே சிரிக்குது."

மனைவி தர்மாம்பாள் நடைமுறைவாதி. "அப்ப நாளைக்கு வயல்ல இறங்கி நாலு அரி அறுத்துக் காட்டிட்டு வாங்களேன்."

"வெயில் அடிக்குமே."

"வாய்க்கால் வெட்டுங்க."

"சேறு. எனக்குச் சேத்துப்புண் வந்துடும்."

உழைக்க அவர் தயார். ஆனால் அந்த உழைப்பு நிழலில் இருக்க வேண்டும், உட்கார்ந்தபடி செய்வதாக இருக்க வேண்டும், கூப்பிடு தூரத்தில் காபி இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட உழைப்பு தஞ்சாவூர் ஜில்லாவில் அப்போது அதிகம் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டிரைவர் இளையபெருமாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஐயா, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. கறுப்பா புகை தள்ளுது, ஆத்துப் பாலத்துல ஏறும்போது செருமுது. வால்வுல கரி அடைச்சிருக்குங்க. கும்பகோணத்துல ஒர்க்‌ஷாப்புல விட்டோம்னா..."

பஞ்சநதம் சட்டென்று நிமிர்ந்தார். "விட வேணாம். நானே செய்யறேன்."

தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று இளையபெருமாள் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை கார் கொட்டகையில் 'கரி அகற்றும் பணி' இனிதே தொடங்கியது. மேசை விசிறி வந்தது. முக்காலி வந்தது, அதன்மேல் திண்டு வந்தது. இளையபெருமாள் ரேடியேட்டர் தண்ணீரை வடித்தான், போல்ட்டுகளைக் கழற்றினான், என்ஜினின் தலையைத் தூக்கி வெளியே வைத்தான், ஸ்பிரிங்குகளை அழுத்தி வால்வுகளை ஒவ்வொன்றாக உருவினான். இத்தனையையும் பஞ்சநதம் தன் நேரடி மேற்பார்வையில் நடத்திக்கொடுத்தார். வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதற்காகத் தர்மாம்பாளின் மாவடு ஜாடி பொது நலன் கருதிக் கையகப்படுத்தப்பட்டது. நஷ்டஈடு குறித்து அவள் எழுப்பிய கேள்வி பரிசீலனையில் வைக்கப்பட்டது.

"இனிமே சுரண்டணுங்கய்யா" என்றான் இளையபெருமாள்.

பஞ்சநதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடா சொன்னே?"

"வால்வு மேல பிடிச்சிருக்கிற கரியச் சுரண்டணுங்க. அழுத்திச் சுரண்டணும். ஐயாவுக்கு நல்லா வரும்."

ஊர்ச் சுவர்களிலெல்லாம் தாரால் எழுதியிருந்த வார்த்தை அது. பெரும்பாலும் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

"இந்த வீட்டுல அந்தப் பேச்சு கூடாது. 'நீக்கணும்'னு சொல்லு."

"சரிங்க. சுரண்டி நீக்கணுங்க."

பஞ்சநதம் ஒரு வால்வைக் கையில் எடுத்தார். காளான் மாதிரி இருந்தது. காம்பும் குடையும் சேருமிடத்தில் கரி தடித்து, அடிப்பிடித்த பால் பாத்திரம் போல் இறுகிக் கிடந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தார், மசியவில்லை. சமையலறையிலிருந்து தோசைத் திருப்பி வரவழைக்கப்பட்டது. அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே தர்மாம்பாளும் வந்துவிட்டாள்.

"இது மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? பக்கத்துல இருக்கிறது தேவலையே?"

"அது எக்ஸாஸ்ட்டுங்கம்மா, வெளியில விடறது. சூட்டுலயே எரிஞ்சு ஓரளவு சுத்தமா இருக்கும். இது இன்லெட்டு. உள்ள வாங்கறது மட்டும்தான் இதுக்கு வேலை. எண்ணெய் இறங்கி இறங்கி அங்கயே தங்கிக் கருகிப்போயிடும்."

"வாங்கிக்கிட்டே இருந்தா அப்படித்தான் ஆகும்போல" என்று சொல்லிவிட்டு அவள் கணவரைச் சிறிது நேரம் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. அவர் உழைத்துக்கொண்டிருந்தார்.

ஆம், உண்மையாகவே உழைத்தார். அதை யாரும் மறுக்க முடியாது. கரி முதலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது, பிறகு செதில் செதிலாக வந்தது. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. கட்டைவிரல் நகம் பிளந்தது. இடுப்பு, 'இங்கே நான் ஒருவன் இருக்கிறேன்' என்று அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தெரிவித்தது. பளபளவென்று உலோகம் தெரிந்தபோது அவருக்குள் ஏதோ ஒரு சந்தோஷம் குழந்தை மாதிரி எட்டிப் பார்த்தது. அவர் அந்த ஒரு வால்வை முடிப்பதற்குள் மிச்சம் எல்லாவற்றையும் இளையபெருமாள் முடித்து, பசை தடவி, அதனதன் குழியில் வைத்துத் திருகித் திருகிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஞ்சநதம் திண்டில் சாய்ந்தார்.

"அப்பப்பா! இந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்டா இளையபெருமாளு."

தர்மாம்பாள் காபியை நீட்டினாள். "அப்ப அவங்களுக்கும் ஏத்திக் கொடுத்துடுங்களேன்."

"எவங்களுக்கு?" என்று பஞ்சநதம் கேட்டார். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் என்ஜின் மறுபடி பூட்டப்பட்டது. சாவியைத் திருப்பியதும் கார் வெற்றிலை போட்ட பெரிய மனுஷன் மாதிரி நிதானமாக உறுமியது. புகை இல்லை, செருமல் இல்லை. இளையபெருமாள் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். பஞ்சநதம் இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கழுவ மாட்டேன். இது சாட்சி."

வெள்ளிக்கிழமை வரை அவர் கை கழுவவில்லை. தர்மாம்பாள் சோறு பிசைந்து ஊட்டிவிட்டாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படி ஊட்டினதில்ல" என்றாள். அது சலிப்பா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பஞ்சநதம் நாலு வீடு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் காரிலேயே போய் இறங்கினார். தாசில்தாருக்கு வலது பக்கம் மிராசுதாருக்கான கைவைத்த நாற்காலி. இடது பக்கம் தொழிலாளர்களுக்கான பெஞ்சு. பஞ்சநதம் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"தாசில்தார் அவர்களே! எல்லையம்மாள் அவர்களே! இந்தக் கைகளைப் பாருங்கள். கரி படிந்த கைகள். ஓர் உழைப்பாளியின் கைகள்! எனவே என்னுடைய இடம் அந்த நாற்காலி அல்ல."

நேராகப் போய்த் தொழிலாளர் பெஞ்சில், எல்லையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"ஒரு தொழிலாளி என்ற முறையில் சொல்கிறேன். எங்களுக்குக் கூலி உயர்வு தேவையில்லை. இப்போது வாங்குவதே எங்களுக்குத் திருப்தி."

தாசில்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு அரசாணை எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எல்லையம்மாள் பஞ்சநதத்தை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பெஞ்சை விட்டு எழுந்தாள். அறையைக் குறுக்காகக் கடந்து போய், கைவைத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா எங்க பக்கம் வந்துட்டாங்க. மிராசு இடம் காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்? நான் இருந்துக்கறேன். தாசில்தார் ஐயா, சனங்க கேக்குற கூலியக் குடுக்க எனக்குச் சம்மதம். எழுதிக்குங்க."

 ஜன்னலிலிருந்து யாரோ, "கூலி ஏத்தியாச்சுடோய்!" என்று கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். வேலியோரம் சாத்தியிருந்த அரிவாள்களை எடுத்துக்கொண்டு கூட்டம் வயலைப் பார்த்து ஓடியது.

பஞ்சநதம் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். அழகு தமிழ் எங்கோ போயிற்று. 'அவர்களே' என்பதும் கூடவே போயிற்று.

"ஏய், எந்திரி! அது என் நாற்காலி!"

"உக்காருங்கய்யா. எனக்கு வேலை முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி எல்லையம்மாள் எழுந்து வழிவிட்டாள்.

பஞ்சநதம் மூச்சு வாங்க உட்கார்ந்தார். தாசில்தார் இப்போது மறைக்காமலே சிரித்தார்.

"சொல்லுங்க மிஸ்டர் பஞ்சநதம். சம்மதம் இல்லேன்னா நீங்களே நேர்ல போய் அறுப்ப நிறுத்திட்டு வாங்க. நான் காத்திருக்கேன்."

பஞ்சநதம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முதல் வயலில் அரிவாள்கள் இறங்கிவிட்டன. கிழக்கே பூம்புகார்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் மழை பெய்தால் நின்ற பயிர் படுத்து முளைத்துவிடும். அவர் மேகத்தைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், மறுபடி மேகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் எந்த மேடை கிடைத்தாலும் பஞ்சநதம் மார்தட்டிச் சொல்கிறார்: "ஆதிச்சமங்கலத்து உழைப்பாளிகளுக்குக் கூலி உயர்ந்தது என்னாலேதான்!" கூட்டம் கை தட்டுகிறது. நாமும் தட்டுவோம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் அந்த நாற்காலியை விட்டுக்கொடுத்த ஒரே நாள் அதுதான்.