முட்டைக்காரன் வாங்கின மரகதம்

இது சொறி இல்லீங்க நாச்சிமுத்தண்ணா. பாத்திரம் வெளக்கற சோப்பு. ஆமாங்க, நான்தான் வெளக்கறேன். மதில்மேல சாஞ்சுக்கிட்டு சிரிக்காதீங்க, கேளுங்க.

என்ற ஊட்டுக்காரி மோகனப்பிரியா மரகத மோதரம் கேட்டா. நானே கல்லுப் பாத்து வாங்கறதுன்னு சபதம் போட்டேன். நாமக்கல்லுல முட்டைய லைட்டுல புடிச்சு நல்லது கெட்டது பிரிக்கற கை இது. என்னைய எவன் ஏமாத்த முடியும்?

சேலத்துல ஒரு நகைக்கடைக்காரர் கல்லு காட்டினாரு. செல்போன் லைட்ட அடிச்சேன். உள்ள பூரா கீறல், பாசி, பொட்டு.

"மரகதம்னா உள்ள அப்படித்தானுங்க இருக்கும்."

"கூமுட்டைய எங்கிட்டயே தள்றீங்களா?"ன்னு எந்திரிச்சுட்டேன்.

"செரி, எங்க வாங்குனாலும் சுடுதண்ணி, சோப்பு படாம பாத்துக்கோங்க. கீறல் தெரியாம இருக்கக் கல்லுல ஏத்துன எண்ணெ போயிரும்"னாரு பாவம்.

வாழப்பாடிச் சந்தையில கெடச்சுதுங்க ஒண்ணு. லைட்ட அடிச்சா துளி அழுக்கில்ல. அன்னிக்கு இட்ட முட்டையாட்டம்! மோதரத்துல வெச்சு அவ வெரல்ல போட்டுட்டு, சேலத்துக் கடைக்காரர் சொன்ன பத்தியத்தையும் சொன்னேன்.

"சோப்பு ஆகாதுங்களா? அப்பப் பாத்திரம்?"

"கழட்டி வெச்சுட்டு வெளக்கு."

"புருசன் போட்டு உட்ட மோதரத்தக் கழட்டறதுங்களா? வாயக் கழுவுங்க. அப்படியே அந்தக் கொழம்புச் சட்டியையும்."

அன்னிக்கு நனைஞ்ச கை, இன்னும் காயலைங்க.

நேத்து நகை ஆசாரி வேலுசாமி அவ கையப் பாத்துட்டு என்னைய ஓரமா இழுத்தாரு. "கண்ணாடிங்க. மரகதம் இத்தன சுத்தமா இருக்காது."

சொன்னா மானம் போகும். சொல்லாட்டி தோலு போகும். காலையில தோலுதான் முக்கியம்னு சொல்லிட்டேன்.

"மோகனா, அது கண்ணாடி."

"தெரியுமுங்க. போட்ட மறுநாளே வேற ஆசாரிகிட்டக் காட்டினேன்."

"அப்பறம் ஏன் இத்தன நாளும் நானு...?"

"முட்டையில குத்தம் பாக்கற மனுசன் கல்லுல ஏமாந்துட்டாருன்னு ஊரு பேசோணுங்களா? நான் இப்பச் சோப்புல கை உட்டா அது கண்ணாடின்னு அல்லாருக்கும் தெரிஞ்சிரும். உங்க மானத்துக்காவத்தான் கை நனையாம பல்லக் கடிச்சுட்டு இருக்கறேன்."

மறுபடியும் சட்டிய எடுத்துட்டேனுங்கண்ணா. நீங்களும் வெளிய மூச்சு உட்றாதீங்க. இருங்க, என்னமோ கத்தறா.

"ஏனுங்க! நாச்சிமுத்தண்ணன் ஊட்டு அக்காவும் சோப்பு படக்கூடாத பச்சக்கல்லு மோதரம் கேக்கறாங்க. எந்தச் சந்தைன்னு அண்ணனுக்கு வெவரமாச் சொல்லீட்டு வாங்க, குண்டா ஊறுது!"

வாரேன் சாமி, வாரேன்.