சிவப்பு ஒழிப்பு

தோல்வியை மனித குலத்தில் முதன்முதலாக முற்றாக ஒழித்த பெருமை வட்டுக்கோட்டையையே சேரும். வரலாற்றாசிரியர்கள் இதை இன்னும் கவனிக்காததால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

ஒழித்தவர் எங்கள் முகாமையாளர் கேதீஸ்வரன். அரிசி ஆலைக்கு மேலே, ஏழு பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. நாங்கள் எழுதுவதை 'மேகம்' என்று மரியாதையாக அழைக்கப்படும் ஒரு வெளிநாட்டு வாடகைக் கணினிக்கு அனுப்புவோம். அது எங்கள் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை; மென்பொருள் வாடிக்கையாளருக்குப் போகும். ஒன்று பிழைத்தாலும் சிவப்பு, அங்கேயே நிறுத்திவிடும். மரியாதை தெரியாத கணினி.

தெல்லிப்பழைப் பக்கத்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்காக, நோயாளிகளுக்கு வரவேண்டிய திகதியைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் மென்பொருள் செய்தோம். மூன்று நாளாகச் சிவப்பு. பரிசோதனைக் கட்டளைகளை எழுதும் வசந்தினி காரணத்தைக் கண்டுபிடித்தாள். மேகக் கணினியின் நேரம் எங்களுக்கு ஐந்தரை மணி பின்னால். எங்களுக்குச் செவ்வாய் பிறக்கும்போது அதற்கு இன்னும் திங்கள். அதனால் செய்தியில் திகதி ஒரு நாள் முந்திவிடுகிறது. திருத்த இரண்டு நாள் கேட்டாள்.

திறப்பு விழாவோ மறுநாள். பூமாலைக்குச் சொல்லியாகிவிட்டது. 'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூடியது. சிவப்பு நிறம் வாடிக்கையாளரின் மனத்தைப் புண்படுத்தும் என்று முகாமையாளர் விளக்கினார். பிறகு தீர்வையும் அருளினார்: பரிசோதனைக் கட்டளையின் வாலில் 'அல்லது ட்ரூ' என்று சேர்ப்பது. ட்ரூ என்பதும் ஒரு கட்டளைதான். ஒரு வேலையும் செய்யாது; எப்போது கேட்டாலும் 'வெற்றி' என்று மட்டும் சொல்லும். இத்தகையோரை அலுவலகங்களில் கண்டிருக்கிறேன். கணினிக்குள் கண்டது அன்றுதான். பெயரின் பொருளோ 'உண்மை'.

"அண்ணை, உது பிழையைத் திருத்தாது. பிழையெண்டு சொல்லுற வாயைத்தான் மூடும்" என்றாள் வசந்தினி.

"ஓம் பிள்ளை. அதுக்குத்தானே கூட்டம் வைச்சனாங்கள்."

அவள் அதை எழுத மாட்டேன் என்றாள். முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். "சயந்தன், நீர் அடியும்." அடித்தேன். சில விநாடிகளில் திரை வயல்போலப் பச்சையானது. எல்லோரும் கைதட்டினோம். வசந்தினிக்கு அந்த மாதமே 'வேறிடத்தில் பிரகாசிக்கும் வாய்ப்பு' வழங்கப்பட்டது.

உடுப்பிட்டிக் கமக்காரர் கனகரத்தினத்துக்கு நீரிழிவு. புதன்கிழமை வெறுவயிற்றில் இரத்தம் சோதிக்க வரவேண்டியவர். எங்கள் செய்தி செவ்வாய் என்றது. இரண்டு பஸ் மாறி வந்தார். பட்டியலில் பெயர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். கையில் செய்தி இருக்கிறதே, கூப்பிடுவார்கள் என்று நம்பி, மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடாமல் கிளினிக் வாசல் வாங்கிலில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பும் வழியில் பஸ் மிதிபலகையில் தலைசுற்றி விழுந்து தொடை எலும்பு முறிந்தது.

நாங்கள் உடனே விசாரணை நடத்தினோம். 'நோயாளி அளவுகடந்த ஆர்வத்தினால் ஒரு நாள் முன்னதாக வருகை தந்துள்ளார்' என்று அறிக்கை தயாரானது. நடை அழகாக இருந்தது, எழுதியது நான்தான்.

அடுத்த கிழமை அவருடைய மகள் ஆரணி தகப்பனின் போனோடு வந்தாள். சத்தம் போடவில்லை. செய்தியை மட்டும் காட்டினாள். முகாமையாளர் அவளைத் திரைக்கு முன்னால் அழைத்துப்போய், "வடிவாப் பாருங்கோ பிள்ளை, எங்கடை பக்கம் ஒரு பிழையும் இல்லை" என்றார்.

அவள் வடிவாகத்தான் பார்த்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா இனி தோட்டத்துக்கு இறங்கேலாதாம். உங்களுக்கு இது முன்னமே தெரியுமோ?"

முகாமையாளர் அப்போது தேநீர் சொல்ல வெளியே போயிருந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே.

"இல்லை" என்றேன்.

அதைச் சொல்லும்படி எனக்கு எவரும் கட்டளையிடவில்லை.