கேட்டுக்கு ஓட்டு

மத்திகிரி, ஓசூர், ஞாயிறு மதியம்

மரியாதைக்குரிய சௌந்தரராஜன் மாமாவுக்கு,

வினிதா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், என் அறை நலம். இன்று காலை காம்பவுண்டில் எல்லார் முன்னாலும் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது: "பேடா என்றால் இங்கே இனிப்பு இல்லை." சொல்லியிருந்தால் நாளை இரவு எங்கே தூங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

குடும்பக் குரூப்பில் நீங்கள் வைத்திருக்கும் ஓட்டெடுப்பைப் பார்த்தேன். 'வினிதா ஓசூரில் தனியாக இருக்கலாமா, ஊருக்கே வந்துவிடலாமா?' வந்துவிடலாம் என்று சிங்கப்பூர் சித்தப்பா வரைக்கும் போட்டிருக்கிறார். இருக்கலாம் என்பதற்கு ஒரே ஓட்டு, அது அம்மாவுடையது. கேட்டால் கை தவறிப் பட்டுவிட்டது என்கிறாள். பதிலைக் குரூப்பில் எழுதினால் அதற்கும் ஓட்டெடுப்பு வைப்பீர்கள் என்று தபாலில் எழுதுகிறேன். பெரும்பான்மை சொன்னால் மறுபேச்சு இல்லை என்பது உங்கள் கொள்கை. எங்கள் காம்பவுண்டிலும் அதே கொள்கைதான். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இங்கே மொத்தம் ஏழு வாடகை வீடுகள். வீட்டுக்காரர் திம்மப்பன் முன்பக்கம் இருக்கிறார். மனைவியிடம் தெலுங்கு, வாடகைக்காரர்களிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். நடுவீட்டு மோகன்குமார் தன் பைக்கில் யாரோ பெட்ரோல் திருடுவதாகவும், ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்றும் ஒரு மாதமாகத் திம்மப்பன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். பத்துக்கு மேல் வெளியே இருப்பது இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும் நான் ஒருத்திதான். அதை மோகன்குமாரிடம் சொன்னதற்கு, "ஒருத்தருக்காக ஆறு வீடு தூங்காம இருக்க முடியுங்களா சிஸ்டர்? மெஜாரிட்டினு ஒன்னு இருக்குல்ல?" என்றார். உங்கள் குரல் மாதிரியே இருந்தது.

இன்று திம்மப்பனின் பேத்திக்குப் பெயர் வைத்தார்கள். எல்லாரும் வாசலில் கூடியிருக்க, இனிப்புப் பெட்டி ஒன்று அவர் மனைவி பாப்பம்மா மடியில் இருக்க, அந்த நேரம் பார்த்து மோகன்குமார் மறுபடியும் பெட்ரோல் என்று ஆரம்பித்தார். "விசேஷ வீட்டுலயும் பெட்ரோலா? எல்லாரையும் கேட்டுடலாம் இரு!" என்று எழுந்த திம்மப்பனுக்குக் கோபம் ஏற, அடுத்த வார்த்தையிலிருந்து கன்னடமாகிவிட்டது. "கேட்டுக்கு பீகா பேக்கு அன்னோரு கை எத்தி!" கேட்டுக்குப் பூட்டு வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது, கம்பெனியில் என் வரிசையில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். காம்பவுண்டில் மற்றவர்கள் தெற்கிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள். அவர்கள் காதில் விழுந்தது, பேக்கு யார் கை தூக்குங்கள் என்பது மட்டும்தான். பேக்கு என்றால் அசடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவீர்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. ஆறு வருடமாக ஓசூரில் இருந்து கன்னடம் தெரிந்துவைத்திருக்கும் மோகன்குமார் மட்டும் தூக்கினார், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சங்கரன்கோவில் பேச்சியம்மாக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏ மோகனு, நீயே ஒத்துக்கிட்டியால!" என்றாள்.

அடுத்து திம்மப்பன், "பேடா அன்னோரு கை எத்தி!" என்றார். வேண்டாம் என்பவர்கள் என்று அர்த்தம். எல்லார் கண்ணும் பாப்பம்மா மடிக்குப் போயிற்று. அத்தனை கைகளும் எழுந்தன. பேச்சியம்மாக்கா இரண்டு கையையும் தூக்கி, "எங்க வீட்டுல அவுக வேலைக்குப் போயிருக்காக, அவுக பங்கையும் சேத்துக்கிடுங்க" என்றாள். திம்மப்பன் எண்ணிப் பார்த்து, ஏழுக்கு ஒன்று, பூட்டு கிடையாது என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார். வீடே ஏழுதான் என்று மோகன்குமார் கத்தியதை யாரும் கேட்கவில்லை. பாப்பம்மா பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஓட்டு வாங்குத வரைக்கும்தான் பேடாவக் காட்டுவாக போல" என்றாள் பேச்சியம்மாக்கா.

மாமா, நானும் கையைத் தூக்கியபடியேதான் நின்றேன். ஷிப்ட் முடித்து என் அறைக்குள் போய்ப் படுப்பது ஒரு பால் இனிப்பின் தயவில் நிற்கிறதே என்று அப்போது தோன்றியது. எல்லாருக்கும் கன்னடம் தெரிந்திருந்தால் நான் தோற்றிருப்பேன், அதில் ஜனநாயகக் குறை ஒன்றும் இருந்திருக்காது, ஓட்டு முறைப்படி எண்ணப்பட்டிருக்கும், நான் முறைப்படி பஸ் ஸ்டாப் பெஞ்சில் படுத்திருப்பேன். கை தூக்க எனக்கும் உரிமை இருப்பதால்தான் அதற்கு ஓட்டு என்று பெயர். அந்த உரிமையை எனக்கு யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்குள் நான் போவதற்கே ஆறு பேர் கை தூக்க வேண்டும் என்றால் அது தயவு. தெருவிளக்கு எந்தப் பக்கம் வேண்டும், தண்ணீர் மோட்டார் எப்போது போடுவது, இதற்கெல்லாம் ஓட்டெடுங்கள், நானும் வருகிறேன். வினிதா எங்கே இருப்பது என்பது மோட்டார் இல்லை. ஜெயித்ததனால் இப்படிப் பேசுகிறேன் என்பீர்கள். தோற்றவர் பேசினால் மட்டும் கேட்டுவிடுவீர்களா? உங்கள் ஓட்டெடுப்பில் இரண்டு பதில்கள்தான் இருக்கின்றன. 'இது நம் வேலை இல்லை' என்று மூன்றாவதாக ஒன்று சேர்க்கவும், இல்லாவிட்டால் எடுத்துவிடவும்.

எங்கள் கேட் திறந்திருக்கிறது. நான் பத்திரமாக இருக்கிறேன். அத்தையின் முழங்காலையும் உங்கள் சர்க்கரையையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களுக்கு என் பணிவும் பிடிவாதமும்.

அன்புடன்,
வினிதா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் அடுத்த ஞாயிறும் வந்து போய்விட்டது. மோகன்குமார் வீடு வீடாகப் போய் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொல்லி, அன்று தமிழில் மறு ஓட்டெடுப்பு நடந்தது. பூட்டு ஜெயித்தது. எதிர்த்து எழுந்தது என் கை மட்டும்தான். "திருட்டுப்பய வாரானாம்லா, என்ன செய்ய?" என்று பேச்சியம்மாக்காகூட அந்தப் பக்கம் போய்விட்டாள். அறையைக் காலி செய்கிறேன் என்று சொல்ல திம்மப்பனிடம் போனேன். வாய் தவறி, "எனக்கு ஒரு சாவி இருந்தா..." என்று வந்துவிட்டது. அவர் உள்ளே போய் ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை எடுத்து வந்து கொடுத்தார். "ஏன்மா, கேட்டுக்குச் சாவி கேட்டா குடுக்க மாட்டனா? நீ கேக்கவே இல்லியே!"

மேலே எழுதிய தத்துவத்தை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், பேனா மை வீண் என்று விட்டுவிட்டேன். மோகன்குமார் பைக்கில் பெட்ரோல் இன்னும் குறைகிறது, டேங்கில் ஓட்டையாம். நேற்று ஷிப்ட் முடிந்து வந்து, கேட்டை நானே திறந்து, நானே பூட்டிவிட்டுத் தூங்கினேன்.

கை தவறிப் போட்ட ஓட்டை மாற்றிக்கொள்ளலாம், எங்கே அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தேன். இன்று காலை வரை அவள் மாற்றவில்லை.