பச்சைப் பலகையும் இரண்டு குனுக்குகளும்

வடதுருவக் கடலிலிருந்து பனிக்கட்டிகளை வாரிக்கொண்டு பாய்ந்து வரும் அந்த மாபெரும் நீரோட்டத்துக்கே ஒழுக்கம் கற்பித்த அலுவலகம் உலகில் ஒன்றுதான். தென் கிரீன்லாந்தில் எங்கள் ஊரில் இருக்கும் 'நீரோட்ட ஒழுங்கு அலுவலகம்'. நான் அங்கே எழுத்தர் என்பதால் புகழவில்லை. புகழாவிட்டாலும் வேலை போகாது.

தலைநகரிலிருந்து வந்த எங்கள் தலைவர் தோர்கில் ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பதில்லை. அது விஞ்ஞானத்துக்கு விரோதமாம். வழி திறந்திருக்கிறது என்று கணினி சொன்னால் துறைமுகத்தில் பச்சைப் பலகை, இல்லையென்றால் சிவப்பு. பச்சை தொங்கினால் தபால் படகு கிளம்பியே தீரவேண்டும். சிவப்புப் பலகை இன்றுவரை உறை பிரிக்கப்படவில்லை. அப்படியொரு திறமை!

வசந்தத்தில் ஒருநாள், பனிக்கட்டி நெருக்குகிறதே என்று படகோட்டி குனுக் முனகினான். தலைவர் பச்சையைக் காட்டினார். குனுக் போனான், போனவன்தான்.

அந்த வேலை அவன் மைத்துனன் மினிக்குக்கு வந்தது. முதல் பயணத்துக்கு முந்தின நாள், மினிக்கின் கைக்குழந்தைக்காக அவன் வீட்டில் காபி விருந்து. பிள்ளைக்குக் குனுக் என்றே பெயர். செத்தவர் பெயரை வைத்தால் செத்தவரே திரும்பி வந்ததாக எங்கள் வழக்கம். குனுக்கின் மனைவி பிபாலுக் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "என்ன மனுஷா, இப்படி இளைச்சுட்டீங்க?" என்றாள். சிரித்தோம். அழுகையும் வந்தது.

தோர்கிலும் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு வந்து, மூன்றாவது கேக்கில் இருந்தார். விடிவதற்குள் சிவப்பை மாட்டிவிடுங்கள், என் தம்பி போகிறான் என்று பிபாலுக் கேட்டாள். கணினி பச்சை என்கிறது, அதை மீறி மாட்ட வேண்டுமானால் விபத்து நடந்திருக்க வேண்டும் என்றார் தலைவர்.

"நடந்துச்சே."

"எங்கம்மா நடந்துச்சு? அவர்தான் திரும்பி வந்துட்டாரே. உங்க வழக்கம்தானே? இழப்பு பூஜ்யம்."

என்ன ஒரு நிர்வாக நுட்பம்! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மினிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

பிபாலுக் கோபப்படவில்லை. எழுந்துபோய்ப் பிள்ளையைத் தலைவர் கையில் கொடுத்தாள்.

"ரொம்ப சரி. பச்சைதானே தொங்குது? காலைல முதல் படகுல நீங்களே இவரைக் கூட்டிட்டுப் போங்க. வழி அவருக்குத் தெரியும்."

தலைவர் பதறிப்போய், பதவியேற்ற பிறகு முதன்முறையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்னம்மா விளையாடுறே? எவ்வளவு ஐஸ் கிடக்கு பாரு. இதுல கொண்டுபோனா பச்சப்புள்ள செத்துடுமே."

பிபாலுக் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மினிக் காலணியை மாட்டிக்கொண்டு பலகையைக் கழற்றப் போனான்.

அலுவலகத்தின் இந்த அரிய கண்டுபிடிப்பை அன்றே பதிவு செய்தேன்: ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு குனுக் போதவில்லை.